துரைசாமிக்காகப் போராடியவர்கள்

2016இல் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ஒரு பிரகடனத்தில் கையெழுத்து வைத்தார். 1818இல் ஆங்கிலேய ஆளுநர் ரொபர்ட் பிரவுன்றிக்கின் ஆட்சி துரோகிகள் என்று அறிவித்த 19 கண்டியப் பிரதானிகள் இனி துரோகிகள் இல்லை, தேசிய வீரர்கள் என்றது அந்தப் பிரகடனம். அடுத்த வருஷம் இன்னும் எண்பதுக்கு மேற்பட்ட பெயர்கள் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. இருநூறு வருஷமாக ஒரு வெள்ளைக்கார ஆளுநரின் கையெழுத்து நம்ம நாட்டில் செல்லுபடியாகிக்கொண்டு இருந்ததே, அதை அழிச்சது நல்ல விஷயம்தான்.

ஆனா அந்த நேரத்தில் வந்த செய்திகளிலும் பேச்சுகளிலும் ஒரு கேள்வி மட்டும் காணவே இல்லை. இந்த வீரர்கள் யாரை அரசனாக்கப் போராடினாங்க?

விடை வரலாற்றுப் புத்தகங்களில் ஒளிச்சு வைக்காமலே கிடக்கிறது. அவங்க அரசன் என்று ஏற்றுக்கொண்ட ஆளின் பெயர் துரைசாமி. நாடு கடத்தப்பட்ட கடைசி மன்னனின் உறவினன், நாயக்க வம்சத்து இளவரசன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்.

இந்தக் கட்டுரை அந்தப் பெயரைப் பற்றியது. கூடவே பிலிப்பைன்ஸையும் கொஞ்சம் இழுக்கப் போறேன். தேசிய வீரர் என்று யாரைச் சொல்லுவது, அதை யார் தீர்மானிப்பது என்று நூறு வருஷமா வாய்விட்டுச் சண்டை போடுற நாடு அது. நாம அந்தச் சண்டையை இன்னும் சரியாத் தொடங்கவே இல்லை.

முதலில் நம்ம ஊர். குண்டசாலை என்றால் இப்ப எல்லாருக்கும் விவசாயப் பாடசாலையும் மகியங்கனை ரோட்டு நெரிசலும்தான் ஞாபகம் வரும். 1707இலிருந்து 1739 வரை கண்டியை ஆண்ட ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன், மகாவலிக் கரையில் இருக்கிற இந்த ஊரில் மாளிகை கட்டி வாழ்ந்தவர். சிங்களத்தில் அவரைக் 'குண்டசாலை தெய்யோ' என்றே சொல்லுவாங்க. தலதா மாளிகையில் இப்ப நாம பார்க்கிற இரண்டு மாடிக் கருவறைக் கட்டடம் அவர் காலத்தது. கண்டியின் கடைசிச் சிங்கள அரசன் என்று பாடப்புத்தகம் சொல்லும்.

அவர் மணம் முடித்தது மதுரை நாயக்க வம்சத்துப் பெண்ணை. பட்டத்து ராணிக்கு ஆண் வாரிசு இல்லை. இன்னொரு மனைவியின் மகன் உனம்புவே பண்டார இருந்தார். ஆனால் தாய் அரச குலம் இல்லை என்பதால் அவரை ஒதுக்கிவிட்டு, ராணியின் தம்பியை அரசனாக்கினார்கள். 1739இல் அவர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் ஆனார். அவருக்குப் பின் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கன், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நாலு பேர், 76 வருஷம். நாயக்கர் யாரும் படையெடுத்து வந்து கண்டியைப் பிடிக்கவில்லை. கண்டியப் பிரதானிகள் தங்கள் மரபுப்படி யோசித்து, தாங்களே கூப்பிட்டு முடி சூட்டினாங்க.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்றும் சொல்ல முடியாது. 1760இல் கீர்த்தி ஸ்ரீயைக் கொல்ல ஒரு சதி நடந்தது. அதில் பிரதானிகளும் இருந்தாங்க, பிக்குகளும் இருந்தாங்க. அரசன் திருநீறு பூசுகிறான் என்பது அவங்க சொன்ன குறைகளில் ஒன்று. அதே கீர்த்தி ஸ்ரீதான் ஏழு வருஷத்துக்கு முன்னால், 1753இல், சியாம் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து இலங்கையில் அற்றுப்போன உபசம்பதாவை மீண்டும் உயிர்ப்பித்தவர். திருநீறும் சியாம் நிக்காயமும் ஒரே ஆளிடம் இருந்தது நமக்கு இப்ப முரணாகத் தெரியுது. அந்தக் காலத்து ஆட்களில் பெரும்பாலானவங்களுக்கு அப்படித் தெரியவில்லை, அதனால்தான் சதி தோற்றது.

இப்ப ஸ்பெயினுக்கு வருவோம். இலங்கையை ஸ்பெயின் ஆண்டதில்லை என்று சொல்லுவாங்க. முழுக்கச் சரியில்லை. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல் ஸ்பெயின் அரசனின் முடியின் கீழ் இருந்தது. பிலிப்பைன்ஸ் என்ற பெயரே இரண்டாம் பிலிப் இளவரசராக இருந்த காலத்தில் அவர் நினைவாக வைத்தது. அதே பிலிப்புக்குச் சொந்தமான போர்த்துக்கேயப் படைதான் 1594இல் கண்டிக்குள் வந்து தந்துறையில் அழிந்தது. அதை அழித்த கொனப்பு பண்டார, பின்னாளில் முதலாம் விமலதர்மசூரியன், ஒரு காலத்தில் போர்த்துக்கேயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். அப்ப அவருக்கு வைத்த பெயர் ஒஸ்திரியாவின் தொன் ஜுவான், அதாவது பிலிப்பின் வேறு தாய்க்குப் பிறந்த தம்பியின் பெயர்! 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் விழுந்ததும், கடைசி மன்னன் சங்கிலி கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொல்லப்பட்டதும், 1630இல் ரந்தெனிவெலவில் கொன்ஸ்தந்தீனு த சா செத்ததும், 1638 மார்ச்சில் கன்னொறுவையில் இரண்டாம் இராஜசிங்கன் ஜெயித்ததும் எல்லாம் இந்த அறுபது வருஷத்துக்குள்தான். மணிலாவில் இருந்தவனுக்கும் பேராதனையில் இருந்தவனுக்கும் அப்ப எதிரி ஒரே அரசன். அங்கே முந்நூறு வருஷத்துக்கு மேல் அந்த ஆட்சி நிலைத்தது. இங்கே மலை காப்பாற்றியது.

1815 வரைக்கும் காப்பாற்றியது. 1803இல் ஆங்கிலேயர் ஒருமுறை கண்டியைப் பிடித்தாங்க. அப்ப அவங்க கையோடு கொண்டுவந்து அரியணையில் உட்கார வைத்த ஆள் முத்துசாமி, ராஜாதி ராஜசிங்கனின் மைத்துனர். ஆங்கிலேயருக்கும் ஒரு நாயக்கர்தான் தேவைப்பட்டது என்பதைக் கவனிங்க. அந்தப் படை பின்வாங்கும்போது வட்டபுளுவையில், ஆற்றைக் கடக்க முடியாமல் நின்ற இடத்தில், ஏறக்குறைய முழுசாக அழிந்தது. முத்துசாமியும் கொல்லப்பட்டார்.

இரண்டாம் முறை அவங்க சண்டை போடவே தேவைப்படவில்லை. ஜோன் டொயிலி உளவு வேலையில் கெட்டிக்காரர், பிரதானிகள் அரசனோடு பகை. எஹெலேபொல ஆங்கிலேயர் பக்கம் போனதும் அவருடைய மனைவி, பிள்ளைகளை 1814இல் அரசன் கொல்ல வைத்தான். அந்தக் கதையில் உரலும் உலக்கையும் எந்த அளவு உண்மை, எந்த அளவு ஆங்கிலேயர் பரப்பியது என்ற விவாதம் இருக்கு. கணநாத் ஒபேசேகர 2017இல் இந்த அரசனைப் பற்றி எழுதிய புத்தகம் அதைத்தான் கிளறுது. ஆனால் கொலை நடந்தது, மக்கள் மனம் திரும்பியது. 1815 பெப்ரவரி 18 அன்று மெதமகாநுவரைப் பக்கம் அரசன் பிடிபட்டான். மார்ச் 2 அன்று மகுல் மடுவவில் கண்டி ஒப்பந்தம்.

இந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும்போது ரெண்டு விஷயத்தைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. ஒன்று, ஐந்தாம் பிரிவு, பௌத்தத்தைப் பாதுகாப்போம் என்கிற உறுதி. இன்னொன்று, ஒப்பமிட்ட பிரதானிகளில் சிலர் தமிழ் எழுத்தில் கையெழுத்து வைத்தது. ரெண்டாவதை நம்ம ஆட்கள் பேஸ்புக்கில் வருஷா வருஷம் போட்டுப் பெருமைப்படுறாங்க. நாட்டை எழுதிக் கொடுத்த தாளில் நம்ம எழுத்து இருப்பதில் என்ன பெருமை என்று எனக்கு விளங்கல. அது காட்டுவது வேற ஒன்று: அரசவையில் தமிழ் ஒரு அந்நிய மொழியாக இருக்கவில்லை.

யாரும் சொல்லாத பிரிவு மூன்றாவது. அரசனின் ஆண் உறவினர்கள் எல்லாரும் கண்டிப் பிரதேசத்தின் எதிரிகள், அனுமதி இல்லாமல் உள்ளே வந்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை. 'மலபார்' சாதி ஆண்கள், வெளியேற்றப்பட்டவர்கள், அனுமதி இல்லாமல் திரும்ப வரக்கூடாது. ஆங்கிலேயர் தமிழரையும் நாயக்கரையும் சேர்த்துச் சொன்ன பெயர்தான் மலபார். ஒரு அரசனை இறக்குவதற்கு, அவன் இனத்து ஆண்களையே நாட்டுக்கு வெளியே நிறுத்துகிற சட்டம். இந்த யோசனை மலைநாட்டில் அதோடு முடிந்துவிடவில்லை, அதுக்குப் பிறகு வருவோம்.

இந்தத் தாளில் மை காய்ந்து ரெண்டரை வருஷம்தான் ஆச்சு. 1817இல் வெல்லஸ்ஸவில் ஒரு முன்னாள் பிக்கு, வில்பாவே என்பவர், நான்தான் துரைசாமி, நாயக்க இளவரசன் என்று வெளிப்பட்டார். அவரைப் பிடிக்க ஆங்கிலேயர் அனுப்பியது ஹாஜி முகாந்திரம் என்ற முஸ்லிம் அதிகாரியை. ஆங்கிலேயர் அவரை அந்தப் பதவியில் வைத்ததே அங்குள்ள பிரதானிகளுக்குப் பிடிக்காத விஷயம். கலகக்காரர் அவரைப் பிடித்துக் கொன்றாங்க. பதுளையிலிருந்து விசாரிக்கப் போன சில்வெஸ்டர் வில்சனும் அம்பு பட்டுச் செத்தார்.

கலகத்தை அடக்க ஆங்கிலேயர் அனுப்பிய ஆள் ஊவா திசாவை மொனரவில கெப்பெட்டிபொல. 1815 ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவர்களில் அவரும் ஒருவர். போனவர் அந்தப் பக்கமே சேர்ந்துவிட்டார். ஆங்கிலேயர் கொடுத்த துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் சேர்ந்தார் என்று சொல்லுவாங்க. எங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்தது இந்த இடத்தைத்தான், அதிலும் இந்தத் துப்பாக்கிக் கதையைத்தான். அவர் போய் யாருக்கு வணக்கம் சொன்னார் என்பதைச் சொல்லித் தரல.

யோசிச்சுப் பாருங்க. நாயக்கர் வேண்டாம் என்று கையெழுத்து வைத்த அதே வர்க்கம், மூன்று வருஷத்துக்குள் ஒரு நாயக்கரைத் தேடுது. சிங்களப் பிரதானிகளில் ஒருவரே நான் அரசன் என்று சொல்லியிருக்கலாமே? சொன்னால் மற்றப் பிரதானிகள் ஏற்றிருக்க மாட்டாங்க, மக்களும் ஏற்றிருக்க மாட்டாங்க. அரசன் என்றால் அந்த வம்சத்தில் வரணும். வில்பாவே உண்மையில் நாயக்கரே இல்லை, சாதாரணச் சிங்களவர். ஒரு சிங்களவர் நாயக்கராக வேஷம் போட்டால்தான் 1817இல் கண்டியில் கலகம் செய்ய முடிந்தது. மடுகல்ல பிறகு அந்த வேஷத்தைக் கலைத்து, வில்பாவேயைப் பிடித்துக் கட்டி வைத்து, வேறொருவரை நிறுத்தப் பார்த்தார். கலகம் பலவீனமானதுக்கு அந்தப் பிளவும் ஒரு காரணம்.

மற்றக் காரணம் நெருப்பு. பிரவுன்றிக் இராணுவச் சட்டம் போட்டார். மதராஸிலிருந்து துணைப்படை வந்தது. எங்க இனத்தவர் இந்தக் கதையில் ஒரு பக்கம் மட்டும் இருந்தாங்க என்று நினைக்கிறவங்க இதையும் சேர்த்துக்கொள்ளணும். ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் வீடு, வயல், நெல், மாடு, குளம் எதையும் விடல. அந்தக் காலத்தில் இங்கிருந்த இராணுவ மருத்துவர் ஜோன் டேவி, ஆங்கிலேயர் தரப்பில் ஆயிரம் பேர் வரை செத்ததாகவும், அதிலும் நோயில் செத்தவர் நிறைய, கண்டியர் தரப்பில் சண்டை, தூக்கு, பட்டினி, நோய் எல்லாம் சேர்த்து அதைப்போல் பத்து மடங்கு, பத்தாயிரம் வரை இருக்கலாம் என்றும் கணித்தார். அந்தப் பத்தாயிரம் பேர் எந்தப் பட்டியலிலும் இல்லை. 19 பேரும் சரி, அதற்குப் பின் சேர்ந்த எண்பதும் சரி, ஆங்கிலேயர் பெயர் எழுதி வைத்ததால் நமக்குக் கிடைத்தவங்க.

1818 நவம்பர் 26, போகம்பறை. கெப்பெட்டிபொலவும் மடுகல்லவும் அன்று தலை வெட்டிக் கொல்லப்பட்டாங்க. அதற்கு முன்னால் கெப்பெட்டிபொலவைத் தலதா மாளிகைக்கு அழைத்துப் போனார்கள். மேலாடையைக் கழற்றிக் காணிக்கையாகக் கொடுத்தார். அது அழுக்கும் கிழிசலுமாக இருந்தாலும் கொடுப்பதன் புண்ணியம் குறையாது என்றாராம். இதையெல்லாம் எழுதி வைத்தவர் இன்னொரு இராணுவ மருத்துவர், ஹென்றி மார்ஷல். கலகம் ஜெயித்திருந்தால் இவரைத் துரோகி என்று சொல்லாமல் தேசபக்தர் என்று சொல்லியிருப்பாங்க என்று எழுதியதும் அவரேதான். அப்படி எழுதிய அந்த நல்ல மனிதர் கெப்பெட்டிபொலவின் மண்டை ஓட்டை எடுத்துக்கொண்டு போய் எடின்பரோவில் மண்டை ஓடுகளை அளந்து குணம் சொல்லுகிற சங்கத்துக்குக் கொடுத்தார். மரியாதையும் மண்டை ஓடும் ஒரே பெட்டியில்.

மணிலாவிலும் ஒரு மருத்துவர் இருந்தார். 1896 டிசம்பர் 30 காலை, பகும்பாயன் மைதானத்தில் ஹோசே ரிசாலைச் சுடுவதற்கு முன் நாடி பிடித்துப் பார்த்தார். சாதாரணமாக இருந்தது. ரிசால் தன்னை முன்னால் நின்று சுடச் சொல்லிக் கேட்டார், மறுத்தார்கள். துரோகியை முதுகில்தான் சுடுவாங்க. குண்டு பட்ட நொடியில் உடம்பைத் திருப்பி, முகம் வானத்தைப் பார்க்க விழுந்தார். அவருக்கு வயது 35. அவரும் ஒரு கண் மருத்துவர், ஸ்பானிய மொழியில் ரெண்டு நாவல் எழுதியவர். இருபது வயதில், 1882 மே மாதம், ஐரோப்பாவுக்குப் போகும் வழியில் காலியிலும் கொழும்பிலும் கப்பல் நின்றபோது இறங்கிப் பார்த்திருக்கிறார். மணிலாவைவிடக் கொழும்பு அழகு என்று குறித்தும் வைத்திருக்கிறார்.

ரிசாலை வீரராக்கியதில் பெரிய பங்கு அமெரிக்கர்களுக்கு. 1898இல் ஸ்பெயின் தோற்று, பிலிப்பைன்ஸை 2 கோடி டொலருக்கு அமெரிக்காவிடம் கொடுத்தது. புதிய எஜமானர்களுக்கு ஒரு வீரர் தேவைப்பட்டது, ஆனால் துப்பாக்கி தூக்காத வீரர். ஆயுதக் கிளர்ச்சியைக் கண்டித்து அறிக்கை எழுதிய ரிசால் சரியாகப் பொருந்தினார். மணிலாவின் தொண்டோவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, கத்திபுனான் என்ற ரகசிய இயக்கத்தைக் கட்டி, சண்டையைத் தொடங்கிய அந்திரேஸ் பொனிபாசியோ பொருந்தவில்லை. பொனிபாசியோவைக் கொன்றதும் ஸ்பானியர் இல்லை. 1897 மே மாதம் அகினால்டோ தரப்பு, சொந்தப் புரட்சிக்காரர்களே கொன்றார்கள். 1969இல் ரெனாத்தோ கொன்ஸ்தந்தினோ என்ற வரலாற்றாசிரியர் இதையெல்லாம் போட்டு உடைத்து, நமக்கு வீரரைத் தேர்ந்து தந்தது யார் என்று கேட்டார். அந்தச் சண்டை இன்னும் ஓயல. 1995இல் ஒரு குழு ஒன்பது பேரைச் சிபாரிசு செய்தது, சட்டமாகவில்லை. சட்டப்படி பார்த்தால் ரிசால்கூட இன்றுவரை 'அறிவிக்கப்பட்ட' தேசிய வீரர் இல்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு விஷயம். ரிசாலின் தந்தை வழி மூதாதை சீனாவின் பூஜியனிலிருந்து வந்த ஒரு வியாபாரி, பெயர் லாம்கோ. ஸ்பானிய மணிலாவில் சீனருக்குத் தனி வரி இருந்தது, அவங்க மேல் படுகொலைகளும் நடந்திருக்கு. அப்படிப்பட்ட ஊரில் சீன வம்சாவளி ஆள் ஒருவர் தேசத்தின் முதல் வீரர் ஆனார். அவர் ஸ்பானிய மொழியில் எழுதினார் என்பதற்காகவும் யாரும் அவரை வெளியே தள்ளல.

இங்கே என்ன நடந்தது? 1948இல் சுதந்திரம். கெப்பெட்டிபொல தேசிய வீரர் ஆனார். 1954இல் மண்டை ஓடு எடின்பரோவிலிருந்து திரும்பி வந்து, தலதா மாளிகைக்கு எதிரே நினைவுச் சின்னத்துக்குள் போனது. கொடியில் ஏறிய சிங்கமும் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடிச் சிங்கம்தான். அதே 1948இல் வந்த 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், கண்டி மலைகளில் தேயிலை பறித்துக்கொண்டிருந்த தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. நாயக்கர் கொடி உள்ளே, தோட்டத் தமிழர் வெளியே. 1815இன் மூன்றாம் பிரிவை ஞாபகம் வச்சிருக்கீங்களா? எழுதியவங்க வேற, தேவை வேற, ஆனால் வாசகத்தின் சாயல் அப்படியே இருக்கு. கண்டியச் சிங்கள விவசாயியின் நிலத்தை எடுத்தது பிரித்தானிய அரசும் 1840இன் முடிக்குரிய காணிச் சட்டமும். கோபம் விழுந்தது அந்த நிலத்தில் வேலைக்குக் கொண்டுவரப்பட்டவங்க மேல்.

இதுக்குப் பதிலாக நம்ம பக்கம் செய்வதும் சரியில்லை. ஒவ்வொரு வருஷமும் 'இலங்கையின் கடைசித் தமிழ் மன்னன் கண்ணுசாமி' என்று ஒரு படம் சுற்றும். நாயக்கர் வேர் தெலுங்கு. மதுரையில் தமிழோடு வாழ்ந்தவங்க, கண்டியில் சிங்களத்தில் ஆணை கொடுத்தவங்க, தலதாவைக் காத்தவங்க. அந்த மனிதரிடம் போய் நீங்க தமிழரா சிங்களவரா என்று கேட்டால் கேள்வியே விளங்கியிருக்காது. சிங்கள வீரர் பட்டியலில் இருந்து அவரைக் கழட்டி நம்ம பட்டியலில் மாட்டினால், அதே தப்பை வேற சுவரில் செய்யறோம். எஹெலேபொல குமாரிஹாமியின் பிள்ளைகளை என்ன செய்வது? அவங்களையும் சேர்த்துத்தான் இந்த அரசனைப் பேசணும்.

ஹாஜி முகாந்திரத்தையும் பேசணும். 1818 கதையை ஒற்றுமையின் கதையாகச் சொல்லுறவங்க அவரை விட்டுடுவாங்க. அந்தியனை ஆதரித்த சோனகன் என்று சொல்லுறவங்க அவரை மட்டுமே பிடிச்சுக்குவாங்க. ஆங்கிலேயர் ஒரு சமூகத்து ஆளை இன்னொரு சமூகத்துக்கு மேல் பதவியில் வைத்தார்கள். அந்தக் கோபத்தில் உயிர் போனது வைத்தவனுக்கு முதலில் இல்லை, வைக்கப்பட்டவனுக்கு. 2018 மார்ச்சில், கெப்பெட்டிபொல செத்து இருநூறாவது வருஷத்தில், திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தது நமக்குத் தெரியும். நம்ம ரோட்டில்தான் எரிந்தது.

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1816 ஜனவரியில் கொழும்பிலிருந்து கப்பல் ஏற்றினார்கள். பதினாறு வருஷம் வேலூரில் காவலில் இருந்து, 1832 ஜனவரி 30 அன்று இறந்தார். சமாதி அங்கே பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்தில் இருக்கு. எஹெலேபொலவையும் ஆங்கிலேயர் விட்டு வைக்கல, 1825இல் மொரீஷியசுக்கு அனுப்பினார்கள், அங்கேயே செத்தார்.

வேலூர் தூரம். அரசன் பிடிபட்ட இடம் பக்கம்தான். குண்டசாலையில் மகியங்கனை பஸ் பிடிச்சா திகன, தெல்தெனிய தாண்டி மெதமகாநுவர வரும், கேட்டால் நினைவுக்கல்லைக் காட்டுவாங்க. நாயக்கப் பெண் ராணியாக வந்து இறங்கிய ஊருக்கும், அந்த வம்சம் பிடிபட்ட ஊருக்கும் ஒரே பஸ்தான் ஓடுது.